பெயர் பல, கிடங்கு ஒன்று

2011 நவம்பர் தொடக்கத்தில் நெதர்லாந்தில் நியூஸ் சர்வீஸ் யூரோப் என்ற நிறுவனம் தன் சர்வர்களை நிறுத்தியது. அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அதிகம் இல்லை. ஆனால் ஐரோப்பாவின் மிகப் பெரிய யூஸ்நெட் கிடங்குகளில் ஒன்று அது. அதனிடம் மொத்தமாக வாங்கித் தங்கள் பெயரில் சில்லறையாக விற்றுவந்த நிறுவனங்கள் பல. வெளிப் பார்வைக்கு அவை தனித்தனிக் கடைகள். இணையதளம் வேறு, விலை வேறு, விளம்பரம் வேறு. கிடங்கு பூட்டப்பட்டதும் அத்தனை கடைகளிலும் சரக்கு நின்றுபோனது. 'ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கட்டும்' என்று இரண்டு கடைகளில் சந்தா கட்டியிருந்தவருக்கும், அவை இரண்டும் இந்தக் கிடங்கைச் சேர்ந்தவையாக இருந்திருந்தால், கைக்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

கிடங்கு மூடக் காரணம் ஒரு வழக்கு. அதைத் தொடுத்தது பிரெய்ன் என்ற டச்சு காப்புரிமைப் பாதுகாப்பு அமைப்பு. அனுமதியின்றிப் பதிவேற்றப்பட்ட படைப்புகளை நீக்க வேண்டும் என்று 2011 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யார் எதை அனுப்புகிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பது முடியாத காரியம் என்று சொல்லி நிறுவனம் மூடிக்கொண்டது. 2014இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாக வந்தது. அதற்குள் கிடங்கு மூடி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன.

யூஸ்நெட் என்றால் என்ன என்று கேட்கும் தலைமுறை வந்துவிட்டதால் சற்றுப் பின்னால் போக வேண்டும். 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவருக்கும் தோன்றிய யோசனை அது. அடுத்த ஆண்டே டியூக்குக்கும் பக்கத்து வடகரோலினா பல்கலைக்கழகத்துக்கும் இடையில் தொலைபேசி வழியாகச் செய்திகள் போய்வரத் தொடங்கின. இன்றைய ஃபேஸ்புக் போல நடுவில் ஒரு முதலாளி கிடையாது. ஒருவர் எழுதும் கட்டுரை அவருடைய சர்வரில் ஏறும். அந்த சர்வர் தன் அண்டை சர்வர்களுக்குப் பிரதி கொடுக்கும். அவை தங்கள் அண்டை சர்வர்களுக்குக் கொடுக்கும். ஒவ்வொரு சர்வரும் தன் பிரதியைத் தானே வைத்துக்கொள்ளும். ஒன்று எரிந்து சாம்பலானாலும் கட்டுரை வேறெங்கோ உயிரோடு இருக்கும். யூஸ்நெட்டின் பலமே இந்தப் பரவல்தான். 1991 ஆகஸ்டில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலையைப் பற்றியும், அதே மாதம் லினஸ் டோர்வால்ட்ஸ் பின்னாளில் லினக்ஸ் ஆன தன் சிறு முயற்சியைப் பற்றியும் ஊருக்குச் சொன்னது யூஸ்நெட் குழுக்களில்தான்.

தமிழர்களுக்கும் அங்கே திண்ணை இருந்தது. சாக்.கல்ச்சர்.தமிழ், சாக்.கல்ச்சர்.ஸ்ரீ-லங்கா என்ற குழுக்கள் 1990களில் கனடா, அமெரிக்கா, ஐரோப்பா எனச் சிதறியிருந்தவர்கள் பேசியும் சண்டை பிடித்தும் பழகிய இடங்கள். ஒருங்குறி பரவாத காலம். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித்தான் அனுப்பினார்கள். போர்ச் செய்தி, சினிமா, சமையல், இலக்கணத் தகராறு எல்லாம் ஒரே குழுவில் கலந்து கிடக்கும். புலம்பெயர்ந்த தமிழர்களின் சமூக வரலாற்றை எழுத வருபவருக்கு அந்தக் குப்பையும் பொன்தான்.

அந்தக் குழுக்களை நம்மில் பலர் பார்த்தது கூகுள் குரூப்ஸ் வழியாக. 1995இலிருந்து டேஜா நியூஸ் என்ற நிறுவனம் சேர்த்துவைத்த கட்டுரைகளை 2001இல் கூகுள் வாங்கியது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஹென்றி ஸ்பென்சர் 1980களில் 141 காந்த நாடாக்களில் பாதுகாத்திருந்த ஏறத்தாழ 20 லட்சம் கட்டுரைகளும் அதோடு சேர்ந்தன. ஒரு மனிதர் நாடாக்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் தப்பிய வரலாறு அது. 2024 பிப்ரவரி 22 முதல் கூகுள் குரூப்ஸில் புதிய யூஸ்நெட் கட்டுரைகளைப் படிக்கவோ எழுதவோ முடியாது. பழையவற்றைத் தேடிப் பார்க்கலாம், அவ்வளவுதான். உலகத்தில் மிகப் பலர் நுழைந்த ஒரு வாசல் ஒரே அறிவிப்பில் சாத்தப்பட்டது. இனி யூஸ்நெட் வேண்டுமென்றால் அதற்கான சேவை நிறுவனம் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

முன்பெல்லாம் அந்தக் கேள்வியே இல்லை. இணைய இணைப்புக் கொடுத்த நிறுவனமோ படித்த பல்கலைக்கழகமோ யூஸ்நெட்டையும் சேர்த்தே கொடுத்தது. 2008இல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஆண்ட்ரூ குவோமோ சிறார் துன்புறுத்தல் படங்களைத் தடுக்கக் கொடுத்த நெருக்கடியில் டைம் வார்னர் கேபிள் என்ற இணைய நிறுவனம் யூஸ்நெட் முழுவதையும் கைவிட்டது. வெரைசன் பெரும் பகுதியை வெட்டியது. அந்தப் படங்களைத் தடுக்க வேண்டியது நியாயம். ஆனால் கத்தி பட்டது இலக்கியக் குழுக்களுக்கும் அறிவியல் குழுக்களுக்கும் சேர்த்து. 2010 மே மாதத்தில், பிறந்த வீடான டியூக் பல்கலைக்கழகமே தன் யூஸ்நெட் சர்வரை நிறுத்தியது.

மிஞ்சியது பணம் வாங்கும் நிறுவனங்கள். அவற்றையும் செலவு நெருக்கியது. இன்று யூஸ்நெட்டில் ஒரு நாளில் வந்து குவியும் தரவு நூற்றுக்கணக்கான டெராபைட். அதில் எழுத்து மிகச் சிறு துளி, மற்றதெல்லாம் கோப்புகள். அத்தனையையும் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க ஒரு கட்டடம் நிறைய ஹார்ட் டிஸ்க் வேண்டும். அதற்கு முதல் போடக் கூடியவர்கள் உலகத்தில் ஒரு சிலரே. சிறியவர்கள் விற்றுவிட்டுப் போனார்கள், அல்லது பெரியவரிடம் மொத்தமாக வாங்கி விற்கத் தொடங்கினார்கள். நியூஸ்ஹோஸ்டிங், யூஸ்நெட்சர்வர், ஈஸிநியூஸ், நெதர்லாந்தின் எவேகா என்று நான்கு கடைப் பெயர்கள் யூஸ்நெட் வாங்குபவருக்குத் தெரியும். நான்கும் ஓமிக்ரான் என்ற ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. இது களவு அல்ல, சட்டப்படியான வியாபாரம்தான். ஆனாலும் விளம்பரப் பக்கத்தில் இதை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. ஒரே கேணித் தண்ணீரை இரண்டு குடத்தில் காசு கொடுத்து வாங்குகிறோம் என்பது வாங்குபவருக்குத் தெரியாமலே போகிறது.

இலங்கை வாசகருக்கு இந்த ஆபத்தை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நின்ற 'ஸ்டேட் ஆஃப் நாகாலாந்து' என்ற இந்தியக் கப்பலின் நங்கூரம் சீ-மீ-வீ 3 கடலடிக் கேபிளைச் சேதப்படுத்தியது. நாட்டின் இணையமும் வெளிநாட்டுத் தொலைபேசியும் முடங்கின. அப்போதும் இலங்கையில் இணைய நிறுவனங்கள் ஒன்றுக்கு மேல் இருந்தன. ஆனால் பெரும்பாலும் அந்த ஒரு கேபிளின் தயவில் இருந்தன. பில்லின் மேலே அச்சாகியிருந்த பெயர் யாரையும் காப்பாற்றவில்லை. பின்னர் சீ-மீ-வீ 4 வந்தது. அடுத்த பத்தாண்டில் மாத்தறையில் சீ-மீ-வீ 5, டயலொக் நிறுவனம் பங்கேற்ற வங்காள விரிகுடா கேபிள் என்று வழிகள் பெருகின. நங்கூரங்கள் இன்றும் விழுகின்றன. நாடு முழுதும் இருளவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணிக்கு இதைவிடக் கசப்பான பாடம் உண்டு. பாலம் புதிதாகக் கட்டப்பட்டுவந்த காலத்தில் களப்பைக் கடக்க ஊருக்கு இருந்தது ஒரு படகுப் பாதை. 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் இறந்தார்கள். அந்த இழப்போடு இணையச் சந்தாவை ஒப்பிடுவது முறையல்ல. ஆனால் எந்த வசதியைப் பற்றிப் பேசும்போதும் 'இது இல்லையென்றால் வேறு வழி என்ன?' என்று முதலில் கேட்கும் உரிமையும் பழக்கமும் அந்த ஊருக்கு இருக்கிறது. யூஸ்நெட் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

கேட்பதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதலாளி யார் என்பது ஒன்று. கட்டுரைகள் எந்த டிஸ்க்கில் இருக்கின்றன என்பது வேறு. ஒரே முதலாளிக்கு அமெரிக்காவில் ஒரு கிடங்கும் நெதர்லாந்தில் ஒரு கிடங்கும் இருக்கலாம். அமெரிக்காவில் நீக்கல் கோரிக்கைக்கு ஒரு சட்டம், நெதர்லாந்தில் வேறு நடைமுறை. அதனால் ஓரிடத்தில் காணாமல் போனது மற்ற இடத்தில் கிடைக்கவும் கூடும். மாறாக, முதலாளிகள் இருவராக இருந்தும் கிடங்கு ஒன்றாக இருக்கலாம். நியூஸ் சர்வீஸ் யூரோப் கதையில் நடந்தது இதுதான். மூன்றாவதாகக் கலப்பு ஏற்பாடும் உண்டு: அண்மைக் கட்டுரைகள் சொந்த டிஸ்க்கில், பழையவை வேறொருவரின் கிடங்கிலிருந்து. இப்படிப்பட்ட நிறுவனம் 'எங்கள் சொந்தக் கட்டமைப்பு' என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கும்.

சோதிக்கும் வழிகள் எளியவைதான். ஒவ்வொரு யூஸ்நெட் கட்டுரையின் தலைப்பகுதியிலும் 'பாத்' என்று ஒரு வரி உண்டு. கட்டுரை கடந்துவந்த ஒவ்வொரு சர்வரும் தன் பெயரை அந்த வரியின் இடப்பக்கம் சேர்த்துவிட்டுப் போகும். ஆக இடக்கோடியில் இருப்பது உங்களுக்குக் கட்டுரையைக் கொடுத்த சர்வர். வலப்பக்கம் போகப் போக எழுதியவரை நெருங்குகிறோம். தண்டர்பேர்ட் போன்ற இலவச மென்பொருளில் கட்டுரையைத் திறந்து மூலவடிவத்தைக் காட்டச் சொன்னால் இந்த வரி தெரியும். ஒரே கட்டுரையை இரண்டு நிறுவனங்களின் வழியாக எடுத்து இடப்பக்கப் பெயர்களை ஒப்பிட்டால் பல முறை உண்மை அங்கேயே வெளிப்படும். அடுத்தது சர்வர் முகவரி: கணினியில் என்எஸ்லுக்அப் கட்டளை கொடுத்தால் ஐபி எண் வரும், இரு நிறுவனங்களின் எண்களும் ஒரே வலையமைப்புக்குப் பதிவாகியிருந்தால் சந்தேகப்பட இடம் உண்டு. எண்கள் வேறானால் கிடங்கும் வேறு என்று அடித்துச் சொல்ல முடியாது. முகப்பு சர்வரை மட்டும் தனியாக வைப்பது கடினமல்ல.

எல்லாவற்றிலும் நம்பத்தக்கது ஓட்டைகளின் ஒற்றுமை. இரண்டு இடத்திலும் அதே கட்டுரைகள் இல்லை, இரண்டும் அதே நாளில் தடுமாறுகின்றன, இரண்டும் விளம்பரப்படுத்தும் சேமிப்பு நாள்களும் அச்சு அசல் ஒன்று என்றால் கிடங்கும் ஒன்றாகத்தான் இருக்கும். 2008இலிருந்து வந்ததெல்லாம் எங்களிடம் இருக்கிறது என்று, 5,000 நாளைத் தாண்டிய கணக்குச் சொல்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட கிடங்கு உலகத்தில் எத்தனை இருக்க முடியும் என்று யோசித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

சொந்தக் கிடங்கு வைத்திருப்பதாலேயே ஒரு நிறுவனம் உயர்ந்தது ஆகிவிடாது. சிறிய, தனித்து நிற்கும் நிறுவனங்களில் பழைய கட்டுரைகள் குறைவாகவே இருக்கும். சில நேரம் வேகமும் குறையும். ஆனால் அவை இல்லாமல் போனால் யூஸ்நெட் ஒரே முதலாளியின் சொத்தாகிவிடும். அதனால் இரண்டையும் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்: பெரிய கிடங்கில் ஒரு மாதச் சந்தா, வேறொரு கிடங்கைச் சேர்ந்த சிறியவரிடம் ஒரு பிளாக் கணக்கு. பிளாக் என்பது இத்தனை ஜிகாபைட் என்று ஒருமுறை பணம் கட்டி வாங்குவது. பல நிறுவனங்களில் அது தீரும்வரை காலாவதி ஆகாது. கோப்பு இறக்கும் மென்பொருளில் முதல் சர்வரில் இல்லாததை மட்டும் இரண்டாவதில் தேடச் சொல்லி வைக்கலாம். காப்புரிமை உள்ளதை அனுமதியின்றி இறக்குவது எந்தக் கிடங்கிலிருந்து எடுத்தாலும் தவறுதான்; சுதந்திர மென்பொருள், காப்புரிமை இல்லாத பதிவுகள், ஆய்வுத் தரவு இவற்றுக்கே இந்த யோசனை.

குறிஞ்சாக்கேணியில் மொபைல் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் ஒருவர் பழைய தமிழ்க் குழுவில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டால் இவ்வளவு செலவும் வேண்டியதில்லை. எழுத்துக் குழுக்கள் மட்டும் போதும் என்பவருக்கு எடர்னல் செப்டம்பர் என்ற ஜெர்மன் சர்வர் இலவசம். பெயரைப் பதிந்துகொண்டால் படிக்கலாம், எழுதலாம். பெர்லினில் பல்கலைக்கழகச் சூழலில் வளர்ந்த இன்டிவிஜுவல்.நெட் 2005 முதல் ஆண்டுக்கு 10 யூரோ வாங்குகிறது. இரண்டும் கோப்புக் கிடங்கு வியாபாரத்துக்கு வெளியே நிற்பவை. எழுத்து மிகச் சிறியது என்பதால் ஒரு நாள் முழுக்க வாசித்தாலும் யூடியூப்பில் சில நிமிடம் பார்க்கும் அளவு டேட்டா கூடப் போகாது. இணைக்கும்போது 119ஆம் போர்ட்டை விட்டு, மறையாக்கம் உள்ள 563ஐத் தேர்வது நல்லது.

கோப்புகளுக்காகப் பணம் கட்டத்தான் வேண்டும் என்பவர் ஆண்டுச் சந்தாவின் தள்ளுபடிக்கு மயங்காமல் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டட்டும். கட்டுவதற்கு முன் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல்: 'உங்கள் பேக்போன் (கிடங்கு) யாருடையது, எத்தனை நாள் கட்டுரைகள் உங்கள் சொந்த டிஸ்க்கில் இருக்கின்றன?' சிறிய நிறுவனங்களில் சில இதற்கு நேராகவே பதில் எழுதும், ஏனென்றால் அவற்றுக்குச் சொல்லிப் பெருமைப்பட அதுதான் இருக்கிறது. பதிலே வராவிட்டால் பட்டியலில் அடுத்த நிறுவனத்துக்கு அதே கடிதத்தை அனுப்பலாம்.