அடுப்பங்கரையில் விளையும் அழகிய பொறுமை

பொறுமை என்றதும் நம் உள்ளத்தில் எழுவது பெருந்துன்பங்களின் நினைவே. நோயுற்று நெடுங்காலம் வாடிய நபி ஐயூப் (அலை) அவர்களையும், அருமை மைந்தரைப் பிரிந்து அழுதழுது கண்ணொளி இழந்த நபி யஃகூப் (அலை) அவர்களையும் எண்ணிப் பார்க்கின்றோம். அவை உயர்ந்த முன்மாதிரிகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், நம் போன்ற எளியோரின் பொறுமை நாள்தோறும் சோதிக்கப்படும் இடம் எது? அது நம் இல்லமே. அடுப்பு எரியும் இடமும் குழந்தை அழும் இடமுமே நமக்கு வாய்த்த சோதனைக் களங்கள்.

'ஸப்ர்' எனும் அரபுச் சொல்லுக்குத் தடுத்து நிறுத்துதல், அடக்கிப் பிடித்தல் என்பன வேர்ப்பொருள்கள். எழுகின்ற சினத்தைத் தடுத்தலும், சொல்லவந்த கடுஞ்சொல்லை நாவிலேயே நிறுத்துதலும், ஓங்கிய கையை இறக்கிக்கொள்ளுதலும் ஸப்ரே. திருமறையில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட இடங்களில் இப்பண்பு பேசப்படுகின்றது. ஹகீம் லுக்மான் அவர்கள் தம் மகனுக்கு வழங்கிய அறிவுரைகளைத் திருமறை எடுத்துரைக்கும்போது, அதன் இடையில் தாய் தன் பிள்ளையைப் பலவீனத்தின் மேல் பலவீனம் கொண்டு சுமந்ததையும், ஈராண்டுகள் பாலூட்டியதையும் நினைவுபடுத்துகின்றது. பின்னர் தொழுகையையும் பொறுமையையும் மகனுக்கு வலியுறுத்துகின்றது. பொறுமையைக் கற்கவேண்டிய மகன், அதனை முதலில் கண்டது தாயின் மடியிலன்றோ!

மலையடிவாரம் புகட்டும் பாடம்

கன்னியாகுமரி மாவட்டத்தில், பேச்சிப்பாறை அணைக்குச் செல்லும் வழியில் மலையடிவாரத்தே அமைந்துள்ளது குலசேகரம். சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள். கன்று நட்டவன் மறுநாளே பாலை எதிர்பார்த்தல் இயலாது. ஏறத்தாழ ஏழாண்டுகள் காத்திருத்தல் வேண்டும். அதன் பின்னரும், பால்வெட்டும் தொழிலாளி பொழுது புலருமுன்னரே எழுந்து, வெயில் ஏறுவதற்குள் மரத்துக்கு மரம் செல்லவேண்டும். பட்டையை மெல்லியதாகச் சீவினால் பால் சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் நிறையும். சீவிய இடத்தில் புதுப்பட்டையும் வளரும். ஆத்திரப்பட்டு ஆழமாக வெட்டிவிட்டாலோ, மரம் காயமுறும்; அவ்விடத்தில் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிப் பின்னர் சீராகப் பால்வெட்ட உதவாது.

பிள்ளை வளர்ப்பும் இத்தகையதே. கண்டிக்கவே கூடாதென்று மார்க்கம் சொல்லவில்லை. எவ்வளவு ஆழத்திற்குக் கண்டிப்பது என்பதிலேதான் வாப்பாவின் திறமையும் உம்மாவின் திறமையும் அடங்கியுள்ளன. மேலோட்டமான கண்டிப்பு பிள்ளையைத் திருத்தும். உள்ளத்தைப் பிளக்கும் சொல்லோ, அவன் வளர்ந்து ஆளான பின்னரும் ஆறா வடுவாக நிலைத்துவிடும்.

அவ்வூர் இல்லங்களில் வேகும் மரச்சீனிக் கிழங்கும் நமக்கொரு பாடம் சொல்கின்றது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இக்கிழங்கின் சாகுபடியை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் ஊக்குவித்தார். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனபோது, திருவிதாங்கூரின் எளிய குடும்பங்கள் பலவற்றின் பசியைத் தணித்தது இக்கிழங்கே. அக்காலத்தில் குலசேகரமும் திருவிதாங்கூரைச் சேர்ந்ததே. 1956 நவம்பர் 1 அன்றுதான் குமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தது.

இத்துணை மக்களை வாழவைத்த இக்கிழங்கினுள்ளும் இயற்கையாகவே ஒருவகை நச்சுத்தன்மை உண்டு. ஆகவேதான் நம் பெண்கள் தோலை உரித்து, நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, கொதித்த அந்நீரை வடித்துக் கொட்டிவிடுகின்றனர். அதன் பின்னரே அது உண்ணத் தகுந்த உணவாகின்றது. அவசரப்பட்டு அரைவேக்காட்டில் இறக்கினால் உடலுக்குத் தீங்கு. மனிதனின் சினமும் அவ்வாறானதே. முதலில் பொங்கிவரும் சொற்களில் நஞ்சு கலந்திருக்கும். அவற்றை வடித்துவிட்டு, எஞ்சியதை மட்டுமே பிள்ளையின் முன் வைத்தல் வேண்டும். நின்றிருப்பவன் சினமுற்றால் அமர்ந்துகொள்ளட்டும் என்றும், அப்போதும் தணியாவிடில் படுத்துக்கொள்ளட்டும் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதன் நுட்பமும் இதுவன்றோ!

கலீஃபா ஊதிய அடுப்பு

அமீருல் மூஃமினீன் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலம். ஓரிரவில் அவர்கள் தம் பணியாளர் அஸ்லமுடன் மதீனாவின் புறத்தே சென்றபோது, தொலைவில் நெருப்பொன்று தெரிந்தது. அருகே சென்று பார்த்தார்கள். பெண்ணொருத்தி அடுப்பில் பாத்திரம் ஏற்றியிருந்தாள்; சுற்றிலும் குழந்தைகள் பசியால் அழுதுகொண்டிருந்தனர். பாத்திரத்தில் இருந்ததோ வெறும் நீர். உணவு வேகின்றது என்று எண்ணியே குழந்தைகள் உறங்கிவிடட்டும் என்று அத்தாய் செய்த உபாயம் அது. வந்திருப்பவர் யாரென்று அறியாமலே, தங்களுக்கும் உமருக்குமிடையே இறைவனே தீர்ப்பளிப்பான் என்று அவள் முறையிட்டாள்.

கலீஃபா அவர்கள் உடனே களஞ்சியத்துக்கு விரைந்தார்கள். மாவும் கொழுப்பும் எடுத்துத் தம் முதுகில் ஏற்றுமாறு பணித்தார்கள். தாம் சுமப்பதாக அஸ்லம் வேண்டியபோது, மறுமை நாளில் என் சுமையை நீர் சுமப்பீரோ என்ற கருத்துப்படக் கேட்டு மறுத்துவிட்டார்கள். திரும்பி வந்து தாமே மாவைக் கிளறினார்கள், அடுப்பை ஊதினார்கள், புகை அவர்களின் தாடியினூடே சுருண்டெழுந்தது. உணவு வெந்து, ஆறவைத்து, குழந்தைகள் உண்டு, சிரித்து விளையாடி உறங்கும் வரையில் அங்கிருந்து அவர்கள் அகலவில்லை.

இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருப்போம். ஆட்சியாளரின் நீதிக்குச் சான்றாகவே பெரும்பாலும் இதனைக் கூறுகின்றோம். ஆனால் அந்தப் புகையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பேரரசொன்றை ஆண்டவர், மாவு வேகும் வரை அடுப்பின் முன் காத்திருந்தார். உணவைக் கொடுத்துவிட்டு உடனே செல்லாமல், குழந்தைகளின் சிரிப்பைக் காணும் வரை காத்திருந்தார். அடுப்பூதுவது ஆண்மைக்கு இழுக்கு என்று அவர்கள் கருதவில்லை.

பொறுமை ஊமைத்தனம் அன்று

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைதல் வேண்டும். பொறுமை என்பது பெண்களுக்கே உரியதென்றும், எல்லாச் சுமையையும் வாய்திறவாமல் ஏற்பதே அதன் இலக்கணமென்றும் சிலர் கருதுகின்றனர். உமர் (ரலி) அவர்களிடம் முறையிட்ட அத்தாய் பொறுமை இழந்தவள் அல்லள். தன் பிள்ளைகளின் உரிமையைக் கேட்டவள். அதற்காகக் கலீஃபா அவளைக் கடியவுமில்லை.

அருமைத் திருமகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களும் திரிகை சுற்றிக் கைகள் காய்த்துப்போன துன்பத்தைத் தம் தந்தையாரிடம் தெரிவிக்கச் சென்றார்கள்; பணியாள் ஒருவரை வேண்டினார்கள். அன்றிரவு அண்ணலார் (ஸல்) அவர்கள் மகளின் இல்லம் வந்து அருகமர்ந்து, படுக்கைக்குச் செல்லும்போது 'ஸுப்ஹானல்லாஹ்' 33 முறையும், 'அல்ஹம்துலில்லாஹ்' 33 முறையும், 'அல்லாஹு அக்பர்' 34 முறையும் ஓதிவருமாறு கற்பித்தார்கள். அது பணியாளைவிடச் சிறந்தது என்றும் தேற்றினார்கள். இன்று நாம் ஓதிவரும் அந்தத் தஸ்பீஹ், மாவரைத்துக் காய்த்த கைகளுக்கு மருந்தாக வந்தது என்பதை மறவாதிருப்போமாக. களைப்பைச் சொன்ன மகளை 'பொறுத்துக்கொள்' என்ற ஒரே சொல்லால் அவர்கள் அனுப்பிவிடவில்லை; நேரில் வந்தார்கள், ஆறுதல் அளித்தார்கள்.

அண்ணலார் அவர்களே தம் இல்லத்துப் பணிகளில் துணைநின்றார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். உணவில் அவர்கள் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்டார்கள், இல்லையேல் விட்டுவிட்டார்கள். பத்தாண்டுகள் பணிபுரிந்த அனஸ் (ரலி) அவர்களை ஒருமுறையேனும் 'சீ' என்று கடிந்ததில்லை. தொழுகையில் நிற்கும்போது குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள். உப்புச் சற்றுக் கூடியதற்காக உணவுத் தட்டைத் தள்ளிவிடும் நம் இல்லத் தலைவர்கள் இவற்றைச் சிந்தித்தல் நலம்.

கம்பளிப் பொம்மை

ஆஷூரா நோன்பின்போது, ஸஹாபாப் பெண்கள் தம் சிறுவர்களையும் நோன்பிருக்கச் செய்தனர். பசியால் குழந்தை அழுதால், கம்பளியால் செய்த பொம்மையைக் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம் வரை மகிழ்வித்தனர். அடியில்லை, அதட்டலுமில்லை, அன்புடன் பழக்கினர். இன்று குழந்தை சிணுங்கியதும் கைப்பேசியைக் கொடுத்து வாயடைத்துவிட்டுச் சமையலைக் கவனிக்கின்றோம். அழுகை நிற்கின்றது, ஆனால் காத்திருக்கும் பழக்கம் குழந்தைக்கு வருவதில்லை. அதற்குப் பதிலாகப் பூண்டு உரிக்கவும், பயறு பொறுக்கவும், தேங்காய் துருவுவதைப் பார்த்திருக்கவும் அருகில் அமர்த்திக்கொண்டால் என்ன? வேலை சற்றுத் தாமதமாகும். எனினும் நோன்புக் கஞ்சி பதமாகும் வரை அடுப்பருகே காத்திருந்த பிள்ளை, பாங்கொலி கேட்கும் வரை காத்திருக்கவும் எளிதில் பழகிக்கொள்ளும்.

தக்கலையில் அடங்கியுள்ள ஞானி பீர் முகம்மது அப்பா அவர்கள் நெசவுத் தொழில் செய்தவர்கள். இழை அறுந்தால் நெசவாளி தறியை உடைப்பதில்லை. அறுந்த இழையை எடுத்து முடிந்துவிட்டுத் தொடர்ந்து நெய்கின்றான். இல்லறமும் பிள்ளை வளர்ப்பும் அத்தகைய நெசவே. இன்று அறுந்தது, இரவு உறங்குமுன் ஓர் அன்புச் சொல்லால் முடியப்படட்டும்.

வல்ல நாயன் நம் இல்லங்களில் பசியையும் சினத்தையும் அகற்றி, நம் மக்களைக் கண்குளிர்ச்சியாக ஆக்கி, அழகிய பொறுமையை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.