செத்த காலேஜ் – 17: திமிங்கிலத்தின் காதுக்குறும்பி

போன வாரம் விட்ட இடம் நினைவிருக்கும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், 2017-ஆம் ஆண்டு. கண்காட்சி, விருது, ஆய்வு என்று மூன்று அறைகள். முதல் அறையைப் பாதி சுற்றிவிட்டு, இந்த வாரம் விருது என்று சொல்லியிருந்தேன். தொடரின் பெயருக்கு அர்த்தம் கேட்டு இன்னமும் கடிதம் போடுகிறவர்களுக்கு: அந்தக் காலச் சென்னைக்காரர்களுக்கு மிருகக்காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’, எழும்பூர் மியூசியம் ‘செத்த காலேஜ்’. அவ்வளவுதான்.

விருதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் திங்கட்கிழமை ராத்திரி ஒரு ஆய்வுக் கட்டுரை கையில் சிக்கி, இரண்டு மணி வரைக்கும் தூங்கவிடவில்லை. புதன் காலை பக்கம் முடிக்க வேண்டும். பொறுப்பாசிரியர் தம்பி இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். “விருது எங்க சார் வருது?” என்றார். “திமிங்கிலத்தோட காதுல இருக்குப்பா” என்றேன். போனை வைத்துவிட்டார்.

முதலில் பாக்கிக் கதையை முடித்துவிடுகிறேன். டிப்பியை இறக்கினார்கள் என்பதோடு போன வாரம் நிறுத்தினேன். 1905-இல் ஆண்ட்ரூ கார்னகி கொடுத்த டைனோசர், பிளாஸ்டர் அச்சு. மூன்று தலைமுறைக் குழந்தைகள் வாய் பிளந்து பார்த்த அந்த எலும்புகளில் ஒன்றுகூட எலும்பு இல்லை. அசல் பிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. அப்படியிருந்தும் அதை எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் ஊரே பொங்கியது. 2017 ஜனவரி 4-ஆம் தேதி டிப்பிக்கு அருங்காட்சியகத்தின் பெரிய மண்டபத்தில் கடைசி நாள். அதன்பின் ஆறு மாதம் மண்டபம் மூடிக் கிடந்தது. ஜூலையில் திறந்தபோது, உச்சியிலிருந்து தலைகீழாகப் பாய்கிற கோலத்தில் ஒரு நீலத் திமிங்கிலம் தொங்கியது. 25.2 மீட்டர் நீளம், நாலரை டன் எடை, 221 எலும்புகள். எல்லாம் அசல். வலது துடுப்பில் காணாமல்போன சில விரல் எலும்புகளை மட்டும், இடது துடுப்பை ஸ்கேன் செய்து முப்பரிமாண அச்சில் வார்த்து வைத்தார்கள்.

அதற்கு ‘ஹோப்’ என்று பெயர் வைத்தார்கள். நம்பிக்கை. 1800-களில் சுமார் இரண்டரை லட்சம் நீலத் திமிங்கிலங்கள் கடலில் இருந்ததாகக் கணக்கு. 1966-இல் மிஞ்சியவை ஏறத்தாழ 400. அந்த ஆண்டுதான் அவற்றைக் கொல்லக் கூடாது என்று உலக நாடுகள் முடிவெடுத்தன, அதுவும் இதே லண்டனில் கூடி. இன்று சுமார் 20,000. பெயருக்குப் பின்னால் இவ்வளவு கணக்கு இருக்கிறது.

ஆனால் அந்தத் திமிங்கிலத்துக்கே நம்பிக்கை எதுவும் மிஞ்சவில்லை. 1891 மார்ச்சில் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்ட் துறைமுக வாயில் மணல்திட்டில் தட்டி மாட்டிக்கொண்டது. திரும்பிப் போக முடியவில்லை. உயிர்காப்புப் படகில் வேலை பார்த்த நெட் விக்காம் என்பவர் கைக்குக் கிடைத்த கூரான இரும்பைத் துடுப்புக்கு அடியில் பாய்ச்சித்தான் அதன் உயிர் போனது. ஊர்க்காரர்கள் கொழுப்பைக் காய்ச்சி எண்ணெய் எடுத்தார்கள். எலும்புக்கூட்டை 250 பவுண்டுக்கு அருங்காட்சியகம் வாங்கியது.

வாங்கியதும் தொங்கவிட்டார்கள் என்றா நினைக்கிறீர்கள்? அவ்வளவு பெரிய உருப்படியை எங்கே வைப்பது? 1930-களில் தனிக் கூடம் கட்டும்வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கிடங்கில்தான் கிடந்தது. அந்தக் கூடத்தில் முழு அளவுத் திமிங்கில பொம்மை ஒன்றையும் மரத்தாலும் பிளாஸ்டராலும் செய்தார்கள். அதன் வயிற்றில் வேலைக்காரர்கள் ஏறி இறங்க ஒரு ரகசியக் கதவு. கதவை அடைக்குமுன் உள்ளே ஒரு டெலிபோன் டைரக்டரியையும் சில நாணயங்களையும் போட்டுவிட்டு வந்தார்கள் என்று அங்கே சொல்வது வழக்கம். பின்னால் வருகிறவன் என்னத்தைக் கேட்பானோ, எதற்கும் ஒன்று கிடக்கட்டும் என்ற அந்த நினைப்பைத்தான் நான் பதினேழு வாரமாகத் துரத்திக்கொண்டிருக்கிறேன்.

இப்போது காது.

நம் காதில் சேருகிற குறும்பி தானாக வெளியே வந்துவிடும். வராவிட்டால் வீட்டில் ஹேர்பின் இருக்கவே இருக்கிறது. (டாக்டர்கள் மன்னிக்க.) நீலத் திமிங்கிலம் போன்ற பல்லில்லாத வகைகளுக்கு அந்த வசதி கிடையாது. காதுக்குழாய் வெளிப்பக்கம் அடைபட்டுப் போயிருக்கிறது. உள்ளே உரிகிற தோல் செதிளும் கொழுப்பும் போக வழியில்லாமல் படிந்து, இறுகி, நீண்டுகொண்டே போகும். பிறந்த நாளிலிருந்து சாகும்வரை. கடைசியில் ஒரு நீண்ட மெழுகுவத்தி போல ஆகிவிடும். நன்றாக இரை கிடைக்கிற பருவத்தில் கொழுப்பு மிகுந்து வெளிர்நிறப் படலம். பட்டினியோடு நெடுந்தூரம் நீந்துகிற பருவத்தில் கருநிறப் படலம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் மரத்தின் வளையம் மாதிரி வரிவரியாகத் தெரியும்.

இதை முதலில் கண்டு சொன்னவர் இதே அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த பர்வ்ஸ் என்பவர், 1955-இல். திமிங்கிலத்தின் வயதை இந்த வரிகளை எண்ணிக் கண்டுபிடிக்கலாம் என்றார். வரிக்கு எத்தனை மாதம் என்பதில் ரொம்ப நாள் சண்டை நடந்தது. வெளிர் ஒன்று, கரு ஒன்று, சேர்ந்து ஒரு வருஷம் என்று பிற்பாடு ஏற்றுக்கொண்டார்கள். வேட்டை உச்சத்தில் இருந்த காலம் அது. கொன்று இழுத்துவரும் திமிங்கிலங்களின் காதிலிருந்து அடைப்புகளை எடுத்து, சீட்டு ஒட்டி, பெட்டியில் போட்டார்கள். வயதை எண்ணி முடித்தபின் அவற்றால் என்ன பயன்? ஒன்றுமில்லை. வெளியே எறிந்திருக்கலாம். எறியவில்லை.

ஐம்பது வருஷத்துக்குப் பிறகு டெக்சாஸின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் டிரம்பிள், சாஷா உசென்கோ என்ற இருவருக்கு வேறு கேள்வி எழுந்தது. வரியை எண்ணுவதோடு நிறுத்துவானேன்? வரிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் என்ன? 2007-இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா அருகே கப்பல் மோதிச் செத்த ஓர் ஆண் நீலத் திமிங்கிலத்தின் காதடைப்பை எடுத்தார்கள். சுமார் 25 செ.மீ. நீளம். படலம் படலமாகச் சுரண்டிச் சோதித்தார்கள். 2013-இல் முடிவு வெளியானது. அது எப்போது பருவத்துக்கு வந்தது என்பது டெஸ்டோஸ்டிரோன் ஏறிய படலத்தில் தெரிந்தது. எப்போதெல்லாம் மிரண்டது என்பது கார்ட்டிசால் என்ற மனக்கலக்க ஹார்மோனில் தெரிந்தது. வயிற்றைப் பிசைகிற விஷயம் ஒன்றும் இருந்தது. டிடிடி போன்ற பூச்சிமருந்துகளில் கணிசமான பங்கு முதல் ஆண்டுப் படலங்களிலேயே சேர்ந்திருந்தது. அதற்கு முன் அது தாயின் வயிற்றில் இருந்திருக்கும், அந்த வயதில் பால் குடித்திருக்கும். விஷம் தாயிடமிருந்து வந்தது.

திங்கட்கிழமை என்னைத் தூங்கவிடாத கட்டுரை 2018-இல் வந்தது. ஒரு காது போய் இருபது காதுகள். நீலத் திமிங்கிலம், துடுப்புத் திமிங்கிலம், கூன்முதுகுத் திமிங்கிலம், அட்லாண்டிக்கும் பசிபிக்கும். எல்லாவற்றையும் அடுக்கினால் 1870 முதல் 2016 வரை, 146 வருஷத்து மனக்கலக்கத்தின் வரைபடம். ஹோப்பைத் தொங்கவிட்ட அணியில் இருந்த ரிச்சர்ட் சபின் இதிலும் ஓர் ஆசிரியர். வேட்டை ஏற ஏற கார்ட்டிசால் ஏறுகிறது. 1960-களில் உச்சம். எழுபதுகளில் வேட்டை அடங்க, கோடும் அடங்குகிறது. எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது நடுவில் இருக்கிறது. 1939 முதல் 1945 வரை திமிங்கில வேட்டை அநேகமாகப் படுத்துவிட்டது. வேட்டைக் கப்பல்கள் போருக்குப் போய்விட்டன. கோடு இறங்க வேண்டும். ஏறியிருக்கிறது. நீர்மூழ்கிகள், வெடிகுண்டுகள், போர்க்கப்பல்களின் இரைச்சல். யாரும் அவற்றைக் குறிவைக்கவில்லை, ஆனாலும் நடுங்கியிருக்கின்றன. ஹிட்லரையும் சர்ச்சிலையும் அறியாத ஒரு பிராணி இரண்டாம் உலகப்போரைத் தன் காதில் எழுதி வைத்திருக்கிறது. சமீப வருஷங்களில் கோடு மறுபடியும் மேலே போகிறது. பழையபடி பெரிய வேட்டை கிடையாது. கடலின் சூடு ஏறுவதோடு அது சேர்ந்து ஏறுகிறது என்கிறார்கள்.

சின்ன வயதில் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாவிட்டால் அம்மா “காதுல என்னத்த அடைச்சு வச்சிருக்க?” என்பார். அதற்கு இவ்வளவு பெரிய பதில் இருக்கும் என்று அப்போது தெரியாது.

நம் கரைக்கும் ஒரு வார்த்தை. 2016 ஜனவரியில் மணப்பாடு கரையில் 80-க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் தள்ளிவிடத் தள்ளிவிடத் திரும்பி வந்தன. அவை பல் உள்ள வகை. காதில் இந்த மெழுகு அடைப்பு கிடையாது. அவற்றின் வயதைப் பல்லை அறுத்துத்தான் படிக்க வேண்டும். ஒன்றுக்குக் காது, ஒன்றுக்குப் பல். எழுதுகிற இடம்தான் வேறு.

ஹோப்புக்கு வேறொரு ஏடு இருந்தது. வாயில் சீப்பு மாதிரி தொங்கும் பலீன் தகடு. நம் நகம் போன்ற பொருள், வளர்ந்துகொண்டே இருக்கும். அதை எலும்போடு தொங்கவிடாமல் கிடங்கில் தனியாக வைத்திருந்தார்கள். அதன் நீளவாட்டில் கார்பன், நைட்ரஜன் அணுக்களின் கலவையைச் சோதித்து, சாவதற்கு முந்தைய ஏழு ஆண்டுகள் அது அட்லாண்டிக்கில் வடக்கும் தெற்குமாக அலைந்ததைக் கணித்தார்கள். ஒரு குட்டி ஈன்றிருக்கலாம் என்றும் ஊகிக்கிறார்கள். 1891-இல் எலும்புக்குத்தான் 250 பவுண்டு கொடுத்தார்கள். தகட்டில் பயணக்கதை இருப்பது வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது.

எழும்பூரில் அந்தப் பெரிய திமிங்கில எலும்புக்கூட்டின் கீழே அப்பாவோடு முதன்முதலாக நின்றபோது எனக்கு ஏழு வயது. “இது பெருசா, நம்ம வீடு பெருசாப்பா?” என்று கேட்டேன். அப்பா ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அடி எண்ணி நடந்தார். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஐந்து பேர் இருந்த குடித்தனம். “வீடு தோத்துப்போச்சு” என்றார். அருங்காட்சியகம் என்றால் பெரியதைக் காட்டுகிற இடம் என்றுதான் அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். லண்டன்காரர்களிடம் சுமார் எட்டுக் கோடி உருப்படிகள் இருக்கின்றன. ஒரு மண்டபத்தில் தொங்குவது ஒன்று. மிச்சமெல்லாம் அலமாரியிலும் பெட்டியிலும் புட்டியிலும், யாரோ வந்து எதையோ கேட்கும்வரை கிடப்பவை. 2017-இல் செய்தித்தாள்கள் அத்தனையும் மண்டபத்தைப் பற்றி எழுதின. அந்த வருஷத்தின் பெரிய காரியம் கிடங்கில்தான் நடந்துகொண்டிருந்தது என்பது என் கட்சி.

ஆகவே அடுத்த முறை நம்மூர் மியூசியத்துக்குப் போனால், அங்கே யாராவது மூலையில் உட்கார்ந்து சீட்டு எழுதிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தால், ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். எந்த ஊர், எந்தத் தேதி, யார் எடுத்தது. அந்த மூன்று வரி இல்லாவிட்டால் 146 வருஷத்து வரைபடம் இல்லை. இருபது துண்டு அழுக்கு மெழுகுதான்.

இனி விருது. அந்த ஆண்டின் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டிக்கு 92 நாடுகளிலிருந்து ஏறக்குறைய ஐம்பதாயிரம் படங்கள் வந்தன. கொம்பை அறுத்து எடுத்துவிட்டுப் போன ஒரு கறுப்புக் காண்டாமிருகத்தின் படத்துக்காக பிரெண்ட் ஸ்டிர்டன் முதல் பரிசு வாங்கினார். அதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், இடம் தீர்ந்துவிட்டது. அதே ஆண்டு இன்னொரு பிரிவில் பரிசு பெற்ற எறும்புதின்னிப் படம் ஒன்று, மறு ஏப்ரலில் பரிசை இழந்தது. அந்த எறும்புதின்னிக்கும் இந்தத் தொடரின் பெயருக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. அடுத்த வாரம் சொல்கிறேன். பொறுப்பாசிரியர் தம்பி இதைப் படித்துவிட்டார். இனி தப்ப முடியாது.