மலைப் புளிக்கு யார் விலை சொல்வது?

கல்வராயன் மலைப் பெண்களைத் தொழில்முனைவோர் ஆக்குவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், 'அவர்களுக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம்?' என்ற கேள்விதான் முதலில் வருகிறது. சோப்பு, மெழுகுவத்தி, தையல், ஊறுகாய் என்று பட்டியல் எப்போதும் தயாராக இருக்கிறது. கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது என்பது என் கருத்து. மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்குத் தொழில் புதிதல்ல. புளி உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுக்கிறார், கடுக்காய் பொறுக்குகிறார், சாமை விதைத்து, அறுத்து, புடைக்கிறார். அவரிடம் இல்லாதவை இரண்டு: சொந்தத் தராசு, விலை ஏறும்வரை காத்திருக்கக் கையில் கொஞ்சம் பணம்.

புளி மாசி, பங்குனியில் இறங்குகிறது. அதற்கு முந்தைய வறண்ட மாதங்களில் குடும்பம் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கும். மரத்திலிருந்து புளி இறங்கும்போது எடையும் விலையும் அவர் சொல்வதுதான். கொட்டை நீக்கிப் பதப்படுத்திச் சில மாதம் வைத்திருந்தால் கூடுதல் விலை கிடைக்கும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாததல்ல. கடன் காத்திருக்க விடுவதில்லை. வியாபாரியை வில்லனாக்குவதும் எளிது. ஆனால், நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எந்தக் காகிதமும் கேட்காமல் பணம் தருபவர் அவர் ஒருவர்தான். அவருடைய இடத்தை நிரப்பும் ஏற்பாடு இல்லாமல் அவரை அகற்றிவிட முடியாது.

இது வெறும் வருமானக் கணக்கு அல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, காய்ச்சும் தொழிலோடு நெடுங்காலமாகச் சேர்த்துப் பேசப்பட்ட கல்வராயன் மலையின் மீதும் பார்வை திரும்பியது. மலைமக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியது. வேறு வருமானம் இல்லாத இடத்தில் ஊறலை அழிப்பது மட்டும் காவல் துறையின் வேலையாக எஞ்சுகிறது. குடிக்குக் கணவனை இழந்த வீட்டில் அடுத்த நாள் அடுப்பெரியச் செய்பவர் பெண்.

தன்னார்வலர்கள் இங்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு முன்னுதாரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1989-இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில், அன்று கள்ளக்குறிச்சியை உள்ளடக்கியிருந்த தென்னாற்காடு மாவட்டத்துக்கும் அத்திட்டம் வந்தது. அதைச் சுமந்தவர்கள் தொண்டு நிறுவனப் பணியாளர்களும் குழுவின் ஊக்குநர்களும். வேலை முடிந்து பெண்கள் திரும்பும் நேரத்தில் கூட்டம் போட்டார்கள். கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். தீர்மானப் புத்தகம் எழுதினார்கள். வங்கி வாசலுக்கு உடன் நடந்தார்கள். ஒரு நாள் முகாமில் சான்றிதழ் கொடுத்துவிட்டு அவர்கள் திரும்பிவிடவில்லை. சேமிப்பும் கடனும் வேரூன்றியதற்கு அந்தப் பொறுமைதான் காரணம். கடனிலிருந்து சந்தைக்குச் செல்லும் அடுத்த படியில் அதே பொறுமை காட்டப்படவில்லை.

விதிவிலக்கு கொல்லிமலை. அங்கும் மலையாளிகள், அங்கும் சாமையை மரவள்ளி விரட்டிக்கொண்டிருந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு பல ஆண்டுகள் தங்கி வேலை செய்தது. சாமையின் உமியை நீக்குவது உரலும் உலக்கையுமாகப் பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை என்பதைக் கண்டு, சிறு அரவை இயந்திரங்களைக் குழுக்களின் பொறுப்பில் நிறுவியது. அதன் பிறகுதான் மாவு, ரவை, சத்துமாவு என்று விற்பனை வளர்ந்தது. இயந்திரம் யார் கையில் இருந்தது என்பதே அங்கு முக்கியம்.

இந்த அனுபவத்தை இந்தியப் பெண்கள் காபூல்வரை கொண்டு சென்றார்கள். இலா பட் 1972-இல் தொடங்கிய 'சேவா' அமைப்பு, இந்திய அரசின் ஆதரவுடன் காபூலின் பாக்-இ-ஸனானா தோட்டத்தில், போரில் கணவனை இழந்த ஆப்கன் பெண்களுக்கு ஆடை தைத்தல், உணவு பதப்படுத்துதல், நாற்றங்கால் வளர்த்தல் ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்தது. கற்றவர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். 2021 ஆகஸ்டில் தாலிபான் ஆட்சி திரும்பியது. 2022 டிசம்பரில் தொண்டு நிறுவனங்களில் பெண்கள் பணியாற்றத் தடை வந்தது. 2023-இல் பெண்கள் நடத்திய அழகு நிலையங்கள் மூடப்பட்டன. கைத்தொழில் தெரியாததால் அந்தப் பெண்கள் முடங்கவில்லை. வெளியே வரும் உரிமை பறிக்கப்பட்டதால் முடங்கினார்கள்.

கல்வராயனில் அப்படி யாரும் தடை போடவில்லை. ஆனாலும் உரிமை இங்கேயும் தாமதமாகத்தான் வந்தது. 1976 வரை இம்மலை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. சிறு வனப் பொருள்களின் மீது காடுவாழ் மக்களுக்கு உடைமை உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா வழங்குவது நீதிமன்ற உத்தரவால் 2016 வரை தடைபட்டிருந்தது. கிராம சபை கூடி, சமூக உரிமையைக் கோரி, வரைபடத்துடன் மனு எழுதுவதற்குப் படித்தவர் துணை வேண்டும். கள்ளக்குறிச்சியில் கல்லூரி முடித்த இளைஞர்கள் தன்னார்வலர்களாக மலையேற விரும்பினால், மெழுகுவத்தி அச்சுகளை விட்டுவிட்டு அந்த மனுவைக் கையில் எடுக்கலாம்.

அடுத்தது, குழுவுக்குச் சொந்தமாக ஒரு மின்னணுத் தராசு. புளியை ஈரம் படாமல் வைக்க ஓர் அறை. மாசிக்கு முன்பே கிடைக்கும்படி ஒரு வங்கிக் கடன், ஏனெனில் பங்குனியில் வரும் கடனால் பயனில்லை. பிறகு உணவுப் பாதுகாப்புப் பதிவு. சிறு உற்பத்தியாளருக்கு அதன் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்றுதான் 2011-ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. விண்ணப்பமோ இணையத்தில். பல மலைக் கிராமங்களில் செல்பேசி அலை சீராகக் கிடைப்பதில்லை. ஒரு பாக்கெட் புளியில் அந்தப் பதிவு எண்ணை அச்சிட, ஒரு பெண் ஒரு நாள் கூலியை விட்டுப் பேருந்தேறி மலையிறங்கி வர வேண்டியிருக்கிறது.