தள்ளுவதும் அதுவே, திருப்புவதும் அதுவே

நியூசிலாந்தின் தென்தீவில், கேன்டர்பரி சமவெளியைக் கடந்து கடலுக்குப் போகும் வைமக்காரிரி, ரக்கையா, ரங்கிட்டாட்டா ஆறுகளுக்கு நிலையான தடம் கிடையாது. மலையிலிருந்து அடித்துவரும் கூழாங்கல்லைப் பரப்பிப்போட்டு, அதன்மேல் பல கிளைகளாகப் பிரிந்தும் மறுபடி கூடியும் ஓடுகின்றன. ஒரு வெள்ளம் வந்து வடிந்தால் போன வாரத்து ஓடை இந்த வாரம் மேடாகக் கிடக்கும். பல இடங்களில் முழங்கால் நனையாது. அடியில் விசிறி சுழலும் படகை இங்கே இறக்கினால், கொஞ்ச தூரத்திலேயே விசிறி கல்லில் மோதி நொறுங்கிவிடும்.

அந்தத் தீவின் மெக்கன்சி பகுதியில் ஐரிஷ்மேன் கிரீக் என்ற ஆட்டுப் பண்ணையை நடத்திவந்த பில் ஹாமில்டன் 1950களின் தொடக்கத்தில் இதற்கு வழி தேடினார். படகின் வயிற்றுப்பக்கம் தண்ணீரை உறிஞ்சி வேகமாக வெளியே பீய்ச்சும் ஜெட் அமைப்பு அமெரிக்காவில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது தண்ணீரைப் படகுக்கு அடியில் பீய்ச்சியது. ஹாமில்டன் பீய்ச்சும் வாயை நீர்மட்டத்துக்கு மேலே, பின்பக்கமாகக் கொண்டுவந்தார். வேகம் கூடியது, படகுக்குக் கீழே துருத்திக்கொண்டு நிற்க எதுவும் இல்லாமல் போனது. 1960ல் அவருடைய படகுகள் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் வழியாக, நீரோட்டத்தை எதிர்த்தே ஏறின. 1977ல் எட்மண்ட் ஹிலாரி கங்கை கடலில் கலக்கும் இடத்தில் புறப்பட்டு, மூன்று ஜெட் படகுகளில் இமயமலைக்குள் நந்தப்பிரயாகை பக்கம் வரை போனதும் இதே தொழில்நுட்பத்தில்தான். அங்கே ஓர் அருவி குறுக்கிட்டதால் படகுகள் நின்றன.

இந்தப் படகுக்குச் சுக்கான் இல்லை. பிரேக்கும் இல்லை. பின்னால் பீய்ச்சும் தண்ணீரை இடமோ வலமோ சாய்த்தால் படகு திரும்பும். பக்கெட் எனப்படும் மூடியை இறக்கி அந்தத் தண்ணீரை முன்பக்கமாகத் திருப்பினால் நிற்கும், பின்னால் வரும். எல்லாமே ஒரே பம்பின் தள்ளல். அந்தத் தள்ளல் அறுந்த நொடியில் திருப்பமும் போய்விடுகிறது. பாறைக்கு நேரே விரையும்போது இன்ஜின் இருமினால் ஸ்டியரிங்கைச் சுழற்றிப் பயனில்லை. அதனால்தான் இந்தப் படகின் வழக்கமான பராமரிப்பை ஓட்டுகிறவரே செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காசு மிச்சமாவது உண்மைதான். அதைவிடப் பெரிது, பம்பின் வாயில் கைவிட்டுத் தடவிப் பார்த்தவருக்கு அதன் சத்தத்தில் வரும் சின்ன மாற்றமும் உடனே காதில் விழும் என்பது.

முதல் வேலை, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது. சிறிய ஜெட் படகுகள் பெரும்பாலானவற்றில் கியர்பாக்ஸ் கிடையாது. இன்ஜின் சுழன்றால் பம்புக்குள் இருக்கும் இம்பெல்லரும் சுழலும். நியூட்ரல் என்று சொல்லப்படுவது, பக்கெட் பாதி இறங்கி முன்தள்ளலையும் பின்தள்ளலையும் சமன் செய்து நிறுத்தும் நிலைதான். உள்ளே இம்பெல்லரின் பிளேடு நிற்பதில்லை. சாவி பையில், பேட்டரி சுவிட்ச் அணைந்து, இரண்டும் ஆனபிறகுதான் கை உள்ளே போகலாம். இதில் எந்தச் சலுகையும் வேண்டாம்.

பிறகு டிரெய்லருக்கு அடியில் டார்ச்சோடு மல்லாந்து படுக்க வேண்டும். தண்ணீர் நுழையும் வாயில் கம்பிகள் வரிசையாக இருக்கும். பெரிய கல்லை அவை தடுத்துவிடும். சிறியது உள்ளே புகுந்து பிளேடில் அடித்துவிட்டுப் பின்னால் போய்விடும். தொல்லை தருவது கம்பி இடைவெளியின் அதே அளவுள்ள கல். உறிஞ்சும் வேகத்தில் அது இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஆணி அடித்தமாதிரி இறுகிவிடும். நாலைந்து கற்கள் இப்படி மாட்டினால் தண்ணீர் சீராக வராது. இம்பெல்லர் நுரையைக் கடைந்துகொண்டிருக்கும், இன்ஜின் அலறும், படகு மட்டும் அசையாது. அந்தக் கல்லை உள்ளே தள்ளிவிடக் கூடாது. தட்டைக் கம்பியைப் பக்கவாட்டில் கொடுத்து வெளிப்பக்கமாக நெம்பி எடுக்க வேண்டும். கூடவே பாசி, வில்லோ மரத்தின் வேர்நார், கயிற்றுத் துண்டு எல்லாம் வரும். தண்டில் சுற்றிய நாரைப் பிய்க்கப் பொறுமை வேண்டும்.

அடுத்து பிளேடின் முன்விளிம்பு. விரலை மெதுவாக ஓட்டினால் கல் பட்ட இடமெல்லாம் சொரசொரப்பாகத் தட்டுப்படும். மடங்கிய விளிம்பை அரத்தால் ராவி, பழைய வளைவுக்குக் கொண்டுவர வேண்டும். விளிம்பு நெடுக, ஒரே சீராக, எல்லாப் பிளேடுகளையும் ஒரே மாதிரி. ஒன்றில் அதிகமாக ராவினால் சமநிலை கெட்டுப் படகு முழுவதும் அதிரும். பள்ளம் அடியோடு மறையும்வரை ராவவும் கூடாது. உலோகம் வீணாகத் தேயும். பிளேடின் வெளிநுனியைத் தொடவே கூடாது.

ஏன் என்றால், அந்த நுனிக்கும் அதைச் சுற்றியுள்ள உலோக வளையத்துக்கும் நடுவே உள்ள நூலிழை இடைவெளிதான் இந்த பம்பின் உயிர். மணலும் பொடிக்கல்லும் அந்த வளையத்தை நாள்தோறும் தின்கின்றன. இடைவெளி பெருகினால் தண்ணீர் முன்னேறாமல் நுனியைச் சுற்றி வந்த வழியே நழுவும். வாஷர் தேய்ந்த அடிபம்பை அடித்தவர்களுக்கு இது விளங்கும்: கை ஓய்ந்துபோகும், குடம் நிறையாது. ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்து, வளையத்தைச் சுற்றிப் பல இடங்களில் அளந்து, கையேடு சொல்லும் எல்லையோடு ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் இறுக்கமும் எதிர்ப்பக்கம் தளர்வும் தெரிந்தால் பெரும்பாலும் வளையத்தைக் குறைசொல்ல வேண்டியதில்லை. தண்டின் பின்முனையைத் தாங்கும் ரப்பர் பேரிங் தேய்ந்து, தண்டு கீழே உட்கார்ந்திருக்கும். அந்த பேரிங்குக்கு ஆற்றுத் தண்ணீர்தான் எண்ணெய். அதனால்தான் டிரெய்லரில் நிற்கும்போது, சும்மா சத்தம் கேட்டுப் பார்க்கலாமே என்று இன்ஜினை ஓடவிடக் கூடாது.

நோட்டு ஒன்று வைத்துக்கொள்வது மிகவும் உதவும். ஆறு சீராக இருக்கும் ஒரே இடத்தில், அதே அளவு ஆட்களோடு, முழு விசை கொடுக்கும்போது இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை எழுதிவர வேண்டும். எண்ணிக்கை வழக்கத்தைவிட ஏறினால் பம்பைப் பார்க்கலாம்: அடைப்பு, அடிபட்ட பிளேடு, பெருகிய இடைவெளி. குறைந்தால் இன்ஜின் சக்தி இழக்கிறது; பிளக், எரிபொருள், ஃபில்டர் என்று அந்தப் பக்கம் போகலாம். எங்கே தேடுவது என்பதில் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது.

இன்ஜின் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமானதுதான். பெரும்பாலும் காரிலிருந்து வந்த வி6, வி8 இன்ஜின்கள். ஆனால் பல படகுகளில் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரையும் இதே பம்புதான் தருகிறது, மணலோடு சேர்த்து. வடிகட்டியைத் திறந்து கழுவாவிட்டால் வெப்பமானி ஏறும். கேன்டர்பரியின் பனிக்காலத்தில் இன்ஜினுக்குள் தேங்கிய தண்ணீர் உறைந்து விரிந்தால் இரும்பே வெடித்துவிடும். சீசன் முடிந்ததும் வடிகால் திருகுகளைத் திறந்து சொட்டு விடாமல் வடிக்க வேண்டும். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. இன்ஜினில் மட்டுமின்றி, ஆயிலில் ஓடும் ஜெட் பேரிங்கிலும் இதைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடித்தளத்தில் தங்கும். ஸ்டார்ட் செய்யுமுன் அந்த இடத்தை மோந்து பார்ப்பதும் ஆவியை வெளியேற்றும் விசிறியை ஓடவிடுவதும் உயிர் காக்கும் வேலை.

கழுவுவதில் தன் படகைத் தாண்டிய பொறுப்பு இருக்கிறது. 2004ல் தென்தீவின் வையாவு ஆற்றில் டிடிமோ என்ற பாசி கண்டறியப்பட்டது. கற்களைத் தடித்த படலமாக மூடும் அது பிறகு ஆறு ஆறாகப் பரவியது. 2023ல் வடதீவின் வைக்கட்டோ ஆற்றில் வெளிநாட்டு நன்னீர்ச் சிப்பி ஒன்று அகப்பட்டது. இவை பரவ, படகில் தங்கிய கொஞ்சம் தண்ணீரே போதும். ஜெட் படகிலோ தண்ணீர் தங்கும் மூலைகள் ஏராளம்: பம்பின் உள்வளைவு, குளிர்விக்கும் குழாய், அடித்தளம். ஆற்றங்கரையிலேயே வடித்து, கழுவி, நன்றாகக் காயவிட்டுத்தான் அடுத்த ஆற்றுக்குப் போக வேண்டும்.

சில வேலைகளைப் பட்டறைக்கு விடுவதே சரி. தண்டை முழுதாகக் கழற்றி முன்பக்கத் தள்ளல் பேரிங்கையும் சீலையும் மாற்ற, அழுத்தும் இயந்திரமும் பழகிய கையும் வேண்டும். அலுமினிய அடித்தட்டில் கீறல் கண்டால் வெல்டிங் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். மேலே பசை பூசிவிட்டு ஆற்றில் இறக்கினால் அடுத்த கல்லில் பிளந்துகொள்ளும். ஸ்டியரிங் கேபிள் இழுக்கும்போது சிக்கினால் கிரீஸ் வைத்துச் சமாளிக்காமல் புதிதாகவே மாற்றிவிட வேண்டும். பட்டறைக்குப் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோனால், எந்த மாதத்திலிருந்து சுற்று ஏறியது, இடைவெளி எந்தப் பக்கம் பெருகியது என்பது மெக்கானிக்குக் கையிலேயே கிடைக்கும்.