பீட்சாவுக்கு வரி, பரோட்டாவுக்கு விலக்கு!

இடப்பள்ளி சந்திப்பில் மாலை வேளையில் இரண்டு விதமாகப் பசியாறுகிறார்கள். 2013-ல் திறந்த லுலு மாலுக்குள் பீட்சா, பர்கர். வெளியே சாயாக்கடைகளில் பரோட்டாவும் இறைச்சிக் குழம்பும். நம் கொத்தனார்களும் சித்தாட்களும் ஒதுங்குவது எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை.

2016 ஜூலையில் கேரள நிதியமைச்சர் தாமஸ் ஐசக் போட்ட பட்ஜெட்டில் வந்தது 'கொழுப்பு வரி'. பிராண்டு பெயரில் நடக்கும் உணவகங்களின் பீட்சா, பர்கர் வகைகளுக்கு 14.5 சதவிகிதம்; அதாவது 200 ரூபாய் பீட்சாவுக்கு 29 ரூபாய். கொழுப்பின் பெயரால் வரி என்பது இந்தியாவில் அதுவே முதல் தடவை. சுமார் 10 கோடி ரூபாய் கிடைக்குமென்று அரசு எதிர்பார்த்தது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் மலிந்த மாநிலத்தில் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் வரி பிடித்தது கொழுப்பையா, பெயர்ப்பலகையையா? மைதாவும் எண்ணெயும் பரோட்டாக் கல்லில் குறைச்சலா என்ன! அதற்கு வரியில்லை. வேடிக்கை, அதே பட்ஜெட்டில் பொட்டலக் கோதுமை மாவுக்கு 5 சதவிகித வரி. சர்க்கரை வந்தவர் ராத்திரி சாப்பிடும் சப்பாத்திதானே அது!

சரி, பரோட்டாவுக்கும் போட்டிருந்தால்? அறைக்கு ஆறு பேர் என்று தங்கி, அடுப்பு வைக்க இடமில்லாதவரின் இரவுச் சாப்பாட்டில் கை வைத்ததாகியிருக்கும். பணக்காரருக்கு வரி ஒரு சில்லறை. ஏழைக்கு அது அரை வயிறு. வேறு நல்ல பண்டம் மலிவாகக் கிடைக்காத இடத்தில் 'இதைத் தின்னாதே' என்பது எப்படி நியாயமாகும்?

டென்மார்க்கும் 2011 அக்டோபரில் கொழுப்பு வரி போட்டது. அங்கே வெண்ணெய்க்கும் தப்பவில்லை. ஜனங்கள் எல்லை தாண்டி ஜெர்மனியில் வாங்கி வந்தார்கள். 2013 ஜனவரியில் வரி எடுபட்டது. கேரள வரியோ 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு போயிற்று.

அதைவிட உருப்படியான காரியம் 2020-ல் நடந்தது. குடும்பஸ்ரீ பெண்கள் நடத்தும் ஜனகீய ஹோட்டல்களில் 20 ரூபாய்க்குச் சோறும் கறியும். சாப்பாட்டுக்கு 10 ரூபாய் அரசு மானியம். யாரையும் அதட்டவில்லை, நல்ல சோற்றை மலிவாக்கினார்கள், அவ்வளவுதான். 2023 ஆகஸ்டில் அந்த மானியம் நின்றது. சாப்பாடு 30 ரூபாயாயிற்று.