அம்மாவுக்கு ஒரு ஒயின் பாட்டில்

நம்மூரில் 'ஒயின்ஷாப்' என்று சொல்கிற கடையில் போய் ஒயின் கேட்டுப் பாருங்கள். பிராந்தி இருக்கும், பீர் இருக்கும். ஒயின் என்றால் விற்பவரே ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். போன டிசம்பரில் வெள்ளானூரிலிருந்து கிளம்பி, ஆவடி, அம்பத்தூர் என்று அலைந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

அம்மா குடிக்கிற ஆள் கிடையாது. ஆனா கிறிஸ்துமஸ் ஒயின் வருஷம் தவறாமல் வீட்டில் போடுவார். பன்னீர் திராட்சை, எடைக்கு எடை சர்க்கரை, ஒரு கைப்பிடி கோதுமை, கிராம்பு, பட்டை, கொஞ்சம் ஈஸ்ட். ஜாடியின் வாயைத் துணியால் கட்டி, தினமும் மரக்கரண்டியால் கிண்டணும். போன வருஷம் தோள்வலி. ஜாடி பரணைவிட்டு இறங்கவே இல்லை. அதைப்பற்றி அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதுதான் எனக்கு என்னவோபோல் இருந்தது.

நண்பன் விலை கூடின சிவப்பு ஒயினாப் பார்த்து வாங்கச் சொன்னான். வாங்கியிருந்தால் வீண். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து இறங்குகிற டானின், நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கைப் பிடிக்கும். இனிப்பும் இருக்காது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுதான் ஆல்கஹாலை உண்டாக்குகிறது. லேபிளில் 13 சதவீதம் என்று போட்டிருந்தால், பழத்தின் சர்க்கரை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். 5, 6 சதவீதம் என்றால் நொதிப்பதை நடுவிலேயே நிறுத்தி, இனிப்பை மிச்சம் வைத்திருக்கிறார்கள். (போர்ட் மட்டும் வேறு கதை. பாதியில் பிராந்தி ஊற்றி நிறுத்துவதால் 20 சதவீதம் இருந்தும் இனிக்கும்.)

இனிப்பு மட்டும் போதுமா? அம்மாவின் ஜாடியைத் திறந்தால் வீடே மணக்கும். அந்த மணத்தைத் தேடிப் படித்ததில் கிடைத்ததுதான் சுவாரசியம். கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் வகைகளுக்கு மணம் தருகிற பொருள்களில் ஒன்று ஜெரானியால். ரோஜாப்பூவிலும் அதுவே இருக்கிறது. இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில் மொஸ்காட்டோ தாஸ்தி என்ற ஒயின் செய்கிறார்கள். அது வெள்ளை மஸ்கட்டில் செய்வது. மரபணு ஆய்வுப்படி அந்த வெள்ளை மஸ்கட், பன்னீர் திராட்சைக்குப் பாட்டி முறை! ஆல்கஹாலும் 5 சதவீதத்தை ஒட்டித்தான்.

இதையெல்லாம் சாதாரண டாஸ்மாக்கில் தேடாதீர்கள், எலைட் கடைக்குப் போங்கள். மொஸ்காட்டோ இல்லையென்றால், நாசிக்கின் சுலா நிறுவனம் செனின் பிளாங்க் திராட்சையில் செய்கிற 'லேட் ஹார்வெஸ்ட்' கேளுங்கள். ரோஜா மணம் வராது, இனிப்பு வரும்.

ஒரு எச்சரிக்கை. மொஸ்காட்டோ லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால், மாத்திரை எழுதித் தரும் டாக்டரிடம் கேட்காமல் ஊற்றாதீர்கள். சில மாத்திரைகளுக்கும் ஆல்கஹாலுக்கும் ஒத்துவராது. நானும் கேட்டேன், சாப்பாட்டோடு ஒரு சின்ன டம்ளர், அவ்வளவுதான் என்றார்.

அம்மா மூடியைத் திறந்ததும் குடிக்கவில்லை. மோந்து பார்த்துவிட்டு, "திராட்சை எங்கடா வாங்குனாங்க?" என்றார். மீதியைப் பீரோவில் பத்திரமாக வைக்கப் போனதைத் தடுத்து, ஃபிரிட்ஜில் வைக்கவேண்டியதாப் போச்சு. திறந்தால் இரண்டு மூன்று நாளில் அதைத் தீர்த்துவிடணும்.