பழுப்பு யாருடைய நிறம்?

கம்மாபுரத்திலிருந்து கிழக்கே நெய்வேலிக்குப் போனாலும் சரி, மேற்கே விருத்தாசலத்துக்குப் போனாலும் சரி, ஜவுளிக்கடையில் இன்டர்வியூவுக்கு பேண்ட் கேட்டால் மூன்று கலர்தான் முதலில் மேசைக்கு வரும்: கறுப்பு, நேவி ப்ளூ, யானைக் கலர். பிரவுன் காட்டுங்க என்றால் இரண்டில் ஒரு பதில் கிடைக்கும். "அது டல்லடிக்கும் சார்." இல்லாவிட்டால், "நம்ம கலருக்கு எடுக்காது சார்."

இந்தக் குறிப்பு அந்த இரண்டு பதில்களைப் பற்றியது. ஆண்களுடைய கிளாசிக் உடையில், அதாவது பேண்ட், முழுக்கைச் சட்டை, கோட்டு, தோல் ஷூ என்ற வரிசையில், பழுப்புக்கு ஏன் எப்பவும் இரண்டாம் இடம்? அந்த விதியை யார் போட்டது? நமக்கு அது பொருந்துமா?

பெயரிலிருந்து தொடங்கலாம்

பழுப்பு என்ற சொல்லே பழுத்த இலையிலிருந்து வந்தது. அதனால் அதில் கொஞ்சம் மஞ்சளும் ஒட்டிக்கொண்டிருக்கும். இலங்கைத் தமிழில் இதே நிறத்தைக் கபிலம் என்கிறார்கள், மண்ணிறம் என்றும் சொல்வதுண்டு. நம் கடைப் பேச்சில் ஒரே சொல் கிடையாது. காப்பிக் கலர், பிஸ்கட் கலர், சந்தனக் கலர், காக்கி, பிரவுன் என்று தனித்தனியாகப் பிரித்துவிடுவோம். ஒருத்தர் "பிரவுன் நல்லா இல்ல" என்று சொன்னால் எந்தப் பிரவுன் என்று திருப்பிக் கேட்கணும்.

நெய்வேலிக்காரர்களுக்கு இந்த நிறம் புதுசே இல்லை. லிக்னைட்டுக்குத் தமிழ்ப் பெயரே பழுப்பு நிலக்கரிதான். 1956-இல் என்எல்சி தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்தின் சோறே அந்தப் பழுப்பில்தான் வேகுது. மேலே செம்மண், அதில் முந்திரித் தோப்பு, கீழே பழுப்பு நிலக்கரி. இப்படிப்பட்ட ஊரில் பழுப்பு எடுக்காது என்றால் ஆச்சரியமாகத்தான் இருக்கு.

லண்டனில் போட்ட விதி

ஆங்கிலத்தில் எதுகையோடு ஒரு பழைய விதி உண்டு. டவுனில் பிரவுன் கூடாது என்பதுதான் அது. டவுன் என்றால் அவர்களுக்கு லண்டன், அதிலும் வங்கிகளும் கம்பெனிகளும் இருக்கும் பகுதி. 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் நிலக்கரிப் புகையும் கரியும் எங்கும் படிந்து கிடந்தன. தொழில் பார்க்கிறவன் கறுப்பு, அடர்நீலம், சாம்பல் போட்டான்.

பழுப்பு கிராமத்துக்கு உரியது. ஆனால் விவசாயக் கூலிக்காரனின் கிராமம் இல்லை, பண்ணை வைத்திருந்த பிரபுவின் கிராமம். வேட்டைக்குப் போகும்போது போடும் ட்வீட் துணி, மண், சருகு, காய்ந்த புல் நிறங்களில் நெய்யப்பட்டது. மிருகத்தின் கண்ணில் படக்கூடாது என்பது அதற்கு ஒரு காரணம். ஸ்காட்லாந்தில் பெரிய எஸ்டேட்டுகள் தங்களுக்கென்றே தனி ட்வீட் வடிவம் வைத்திருந்தன. ஆக, அங்கே ஒருவர் பழுப்பு போட்டால் அதற்கு அர்த்தம்: "இன்னிக்கு எனக்கு வேலை இல்ல, எனக்கு நிலம் இருக்கு."

காரணம் போய்விட்டது, விதி மட்டும் தங்கிவிட்டது. 2016-இல் பிரிட்டனின் சமூக முன்னேற்ற ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதலீட்டு வங்கிகளில் சூட்டோடு பிரவுன் ஷூ போட்டு இன்டர்வியூவுக்கு வரும் பையன்களைச் சில மேலாளர்கள் மட்டமாக எடைபோடுகிறார்கள் என்று அதில் இருந்தது. அந்த விதி யாருக்குத் தெரியாது? வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத, வசதி குறைந்த குடும்பத்துப் பையன்களுக்குத்தான். படித்துத் தெரிந்துகொள்ளும் விஷயமாக அது இல்லை. பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்கும் சல்லடையாகத்தான் வேலை செய்கிறது.

ஐரோப்பா முழுக்க இப்படி என்றும் இல்லை. இத்தாலியில் நேவி சூட்டுக்கு டார்க் பிரவுன் ஷூ என்பது சாதாரண ஆபீஸ் உடை. அமெரிக்காவில் 2014 ஆகஸ்ட் 28 அன்று ஒபாமா வெளிர்பழுப்பு சூட்டில் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். சிரியா பற்றி அவர் பேசினதைவிட சூட்டைப் பற்றிய பேச்சுதான் அதிகமாக ஓடியது. ஆகஸ்ட் வெயிலுக்கு அது பொருத்தமான துணி என்பதை யாரும் பெரிசா எடுத்துக்கொள்ளவில்லை.

நம்மூரில் கதை தலைகீழ்

நம்ம பக்கம் பழுப்பு வேறு வழியாக வந்தது. காக்கி என்ற சொல் பாரசீக மொழியிலிருந்து உருது வழியாக வந்தது. காக் என்றால் தூசி, மண். 1846-இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் அமைத்த கைட்ஸ் படை, மண்ணோடு மண்ணாகத் தெரியும் உடை போட்ட ஆரம்பப் படைகளில் ஒன்று. 1857 கிளர்ச்சியின்போது வேறு பல படைகளும் தங்கள் வெள்ளைச் சீருடையை டீத்தூள், மண் என்று கையில் கிடைத்ததைப் போட்டு நிறம் மாற்றிக்கொண்டன. மேற்குக் கடற்கரையில் பாசல் மிஷன் நெசவாலைகள் காக்கித் துணிக்குப் பேர்போனவை. 1902-இல் பிரிட்டிஷ் ராணுவம் சொந்த நாட்டிலேயே காக்கியைப் பணிச் சீருடையாக ஆக்கிக்கொண்டது. இந்தியத் தூசியில் பிறந்த நிறம் உலகம் சுற்றியது. இன்று மாலில் விற்கும் சினோஸ் பேண்ட்டும் அந்த ராணுவ உடை வம்சம்தான்.

இங்கே காக்கி இறங்கி வந்த இடங்களைப் பாருங்க. போலீஸ், பஸ் டிரைவர், கண்டக்டர், ஆட்டோக்காரர், பல தலைமுறை அரசுப் பள்ளிப் பையன்களின் கால்சட்டை. லண்டனில் பழுப்பு நிலம் வைத்திருந்தவனின் ஓய்வு நிறம். இங்கே அது ரோட்டிலும் மெஷினிலும் நிற்கிறவனின் வேலை நிறம். இரண்டு ஊரிலும் ஆபீசுக்குப் பழுப்பு வேண்டாம் என்கிறார்கள், ஆனால் நேர் எதிரான காரணத்துக்காக.

முப்பது வருஷம் காக்கியில் ஓடின அப்பா, பையன் வெள்ளைச் சட்டை கறுப்பு பேண்டில் வேலைக்குப் போகணும்னு ஆசைப்படுவார். அந்த ஆசை நியாயமானது. அதைத்தான் கடைக்காரர் "டல்லடிக்கும்" என்று மொழிபெயர்க்கிறார் என்பது என் எண்ணம். அது துணியைப் பற்றிய கருத்து இல்லை, உழைப்பைப் பற்றிய கருத்து.

"நம்ம கலருக்கு எடுக்காது"

இதற்குப் பதில் பௌதிகத்தில் இருக்கு. வானவில்லில் பழுப்பு கிடையாது. ஆரஞ்சு ஒளியைக் குறைத்து, பக்கத்தில் அதைவிட வெளிச்சமான ஒன்றை வைத்தால் கண் அதைப் பழுப்பாகப் படிக்கும். பழுப்பு என்பது மங்கின ஆரஞ்சுதான்.

மனிதத் தோல், வெள்ளையானாலும் கறுப்பானாலும், ஏறக்குறைய அதே ஆரஞ்சுக் குடும்பம். வெளிச்சத்தின் அளவுதான் ஆளுக்கு ஆள் மாறுது. முகத்துக்குப் பக்கத்தில், முகத்தின் அதே அடர்த்தியில் பழுப்புச் சட்டை போட்டால் முகமும் சட்டையும் கலந்துவிடும். இது வெளிர் பிஸ்கட் கலர் போடும் வெள்ளைக்காரருக்கும் நடக்கும். குறை தோலில் இல்லை, வித்தியாசம் போதாததுதான். நம்மில் பலருக்கு நடுத்தரப் பழுப்புச் சட்டை சரிவராது. ஆனால் அடர் காப்பியோ வெளிர் மணலோ நன்றாகவே இருக்கும். இடையில் ஒரு வெள்ளைச் சட்டை வந்தால் எந்தப் பழுப்புக் கோட்டும் எடுக்கும். வான நீலச் சட்டை இன்னும் நல்லது, ஏன்னா நீலம் ஆரஞ்சுக்கு எதிர்நிறம். பிரவுனும் நீலமும் சேர்ந்து போவதன் ரகசியம் இவ்வளவுதான்.

போட்டுப் பார்க்க நினைத்தால்

காலிலிருந்து தொடங்குங்க. வெள்ளை வேட்டிக்குப் பழுப்புத் தோல் செருப்பு போட்ட தாத்தாவை யாரும் குறை சொன்னதில்லை. ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளில் பதனிட்ட தோல் நம் மாநிலத்தின் பழைய தொழில். அந்த வகைத் தோல் வெயில் பட்டுப் பட்டு தானே அடர்த்தியாகும். டார்க் பிரவுன் ஷூ நேவி, சாம்பல், காப்பி பேண்ட் மூன்றுக்கும் ஒத்துப்போகும். செம்மண் தூசியும் கறுப்பு ஷூவில் தெரிகிற அளவுக்கு இதில் தெரியாது. பெல்ட் ஷூவுக்குக் கிட்டத்தட்ட பொருந்தினால் போதும்.

பேண்ட் என்றால் அடர் காப்பி நிறக் காட்டன். பளபளப்பான பாலியஸ்டர் வேண்டாம். பிரவுனுக்குக் கெட்ட பேர் வாங்கித் தந்ததில் அந்தக் காலத்து மினுமினுக்கும் சஃபாரி சூட்டுக்குப் பங்கு உண்டு. பழுப்பு மங்கலாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால்தான் அழகு. வெளிர் காக்கியில் வியர்வை பட்ட இடம் திட்டாகத் தெரியும், அடர்ந்த பழுப்பில் தெரியாது. மே மாதத்தில் இது முக்கியம்.

சட்டையும் பேண்ட்டும் ஒரே காக்கியில் போடாதீங்க. பஸ் ஸ்டாண்டில் யாராவது வந்து டிக்கெட் கேட்பாங்க.

இன்டர்வியூவுக்கு? நம்மூர்க் கம்பெனி என்றால் நேவி பேண்ட், வெள்ளைச் சட்டை, டார்க் பிரவுன் ஷூ தாராளமாகப் போடலாம். பேண்ட் கறுப்பாக இருந்தால் ஷூவும் கறுப்பாக இருக்கட்டும். லண்டன் வங்கி ஏதாவது கூப்பிட்டால், உள்ளே போகிற வரைக்கும் கறுப்பு ஷூ போட்டுக்கோங்க. வேலை கிடைத்து ஆறு மாசம் ஆன பிறகு பிரவுனுக்கு மாறலாம்.